எழுந்து வா என்று யாரிடம் சொல்கிறாய்?

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய புதுப் பாட்டைப் பலமுறை கேட்டுவிட்டேன். போன பாட்டைவிட இதில் தாளத்தின் ஓசை தணிந்திருப்பதால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது. சொல்லுக்காகவே ராப் பாடுகிறவளுக்கு அதுதானே முதல் தேவை. கெட்ட வார்த்தை இல்லாமல், யாரையும் இழிவுபடுத்தாமல் பாடினால் யார் கேட்பார்கள் என்று கொழும்பில் உன்னிடம் சொல்கிறார்களாம். சொல்லட்டும். சோர்ந்தவர்களை நிமிர்த்தும் பாட்டைத்தான் எழுதுவேன் என்று நீ நிற்பது எனக்குப் பெருமை. அந்தப் பிடிவாதம் வீணாகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"எழுந்து வா, துணிந்து வா, வென்று வா" என்று பாட்டு முழுவதும் அழைக்கிறாய். யாரை அழைக்கிறாய், மகள்? அவர் ஏன் விழுந்தார்? எழுந்தால் எங்கே போவார்? மூன்று நிமிடப் பாட்டில் ஒரு மனிதர் வரவில்லை, ஒரு தெருவின் பெயர்கூட வரவில்லை.

மருத்துவமாதாக நான் பார்த்த உத்தியோகத்தில் பாதி, தைரியம் சொல்வதுதான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அக்கரைப் பெண்கள் பிரசவ வலியோடு பாதைப் படகுக்குக் காத்து நின்றார்கள். அப்படி வந்து சேர்ந்தவளிடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்றால் அவள் என் முகத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இந்த வலி கொஞ்ச நேரத்தில் தணியும், அதுவரை வாயால் மெதுவாக மூச்சை விடு, என் கையைப் பிடித்துக்கொள்" என்றால் செய்வாள். வலிக்கிறது என்பதை நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் என் வார்த்தையில் அவளுக்கு நம்பிக்கை வரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பாடசாலைகளில் தங்கியிருந்த தாய்மாரிடமும் நாங்கள் பெரிய வார்த்தை எதுவும் பேசவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவிடம் வேண்டும் என்றார்கள். இரண்டு சேலைகளைக் கட்டி மறைத்தோம். அன்று அவர்களுக்கு வேண்டியிருந்த தைரியம் அதுதான்.

நீ சொன்ன நியூயோர்க் பிராங்ஸ் கதை எனக்கு ஏன் பிடித்தது தெரியுமா? 1973 ஆகஸ்ட் 11 ஆம் திகதி, பாடசாலை தொடங்குவதற்கு முன் புது உடுப்பு வாங்கப் பணம் வேண்டும் என்று சின்டி கேம்பல் ஒரு விருந்தை ஏற்பாடு செய்தாள். அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுப் போட்டான். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் நுழைவுக் கட்டணம். ஜமேக்காவிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளைகள். உன் ராப்புக்குத் தாயான ஹிப் ஹொப் பிறந்த நாள் என்று உலகம் முழுவதும் கொண்டாடுவது, ஒரு பெண்பிள்ளை உடுப்புக் காசு சேர்த்த நாளைத்தான். உன் வரிகளிலும் அப்படி ஓர் உடுப்பும் ஒரு காசும் இருக்கட்டுமே.

தூரம் போக வேண்டியதில்லை, நம் கோணேசர் பதிகத்தைப் பார். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்தக் கரைக்கு வராமல், இராமேசுவரத்தில் நின்றே நம் மலையைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். வராதவர் பாட்டிலேயே நம் கடல் முத்துக் கொழிக்கிறது! நீ அந்தக் கடலில் குளித்து வளர்ந்தவள். பாட்டுத்தோறும் மலையின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. நீங்கள் ஹூக் என்பீர்களே, அதேபோல. கடைசிப் பாட்டில் தன் பெயரையும் தன் ஊர் காழியையும் சொல்லிவிட்டு, இதைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் சேர்த்தே பலன் சொல்கிறார். கேட்பவரைத் தன்னோடு சமமாக வைத்துப் பாடுகிறார். நீயோ சில இடங்களில் மேடையில் நின்று கீழே இருப்பவர்களுக்குப் புத்தி சொல்கிறாய். அந்த இடங்களை எடுத்துவிடு.

இன்னொன்று, நடை பற்றி. "வருவேன், தருவேன், எழுவேன்" என்று வரிக்கு வரி முடிக்கிறாய். ஆங்கிலத்தில் வரியின் கடைசி ஓசையைப் பொருத்தப் பாடுபட வேண்டும். தமிழில் வினைமுற்று தானாகவே பொருந்திவிடும், அதனால் கேட்பவருக்கு அதில் வியப்பில்லை. வரியின் தொடக்கத்தில் எதுகையைப் பிடி. அங்கே உழைப்பு வேண்டும், உழைப்பு காதுக்குத் தெரியும். மூச்சையும் கவனி. நிமிடத்துக்கு 90 தட்டு, வரிக்கு நான்கு தட்டு என்றால் உன் பதினாறு வரிக்குக் கிடைப்பது சுமார் 43 விநாடி. இரண்டாம் பகுதியில் மூச்சு எடுக்க நீ இடமே விடவில்லை. கடைசி நான்கு வரியில் குரல் இறுகுகிறது. சொல்லைக் குறை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாவிட்டால் ஸ்பொட்டிஃபை அதற்குக் காசு கொடுப்பதில்லை என்று 2024 இல் விதி வந்துவிட்டது. ஆகவே பகல் வேலையை விடாதே. ஒலிப்பதிவின் உரிமையை எழுதித் தரச் சொல்லி யாராவது தாள் நீட்டினால், சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையொப்பமிடாதே. நம் நாட்டில் எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை வரிகளுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. நீ எழுதுவது உன் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்ந்த சொத்து.

அடுத்த பாட்டுக்கு ஓர் ஆளைச் சொல்லட்டுமா? சம்பூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். 2006 இல் போரால் ஊரைவிட்டு ஓடி, கிளிவெட்டி அகதி முகாமில் பிள்ளைகளை வளர்த்து, ஊரை மக்களிடம் திருப்பிக் கொடுத்த பிறகு வந்தவர். வந்தபோது வீடு இருந்த இடம் பற்றைக்காடு. கிணறுதான் அடையாளம். முதலில் கிணற்றை இறைத்துவிட்டுத்தான் கூரையைப் பற்றி யோசித்தாராம். ஏன் அந்த ஒழுங்கு என்று கேட்டேன். தண்ணீர் இருந்தால் மற்ற வேலைக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள் என்றார். இதில் நீ எழுந்து வா என்று சொல்லத் தேவையே இல்லை, அவர் எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று ஒவ்வொரு அடியாகச் சொன்னால் போதும்.

உனக்காக அவரிடம் அனுமதியும் கேட்டுவிட்டேன். கிணற்றைப் பற்றிப் பாடலாம், ஊரின் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம், தன் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். பாட்டைப் பதிவு செய்யுமுன் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ஞாயிறு பின்னேரம் இங்கே வருவார். நான்கு மணிக்கு மேல் அழை, போனை அவரிடம் கொடுக்கிறேன். என்ன கேட்க வேண்டும் என்று முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா