சவுத் ஹெட்டில் தொலைநோக்கி தந்த அம்மாவுக்கு நன்றி

டிசம்பர் 26 அன்று சிட்னி சவுத் ஹெட்டில், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஹார்ன்பி கலங்கரை விளக்கத்தருகே எனக்குத் தொலைநோக்கியைக் கொடுத்த அம்மாவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்க வாய்க்கவில்லை.

சிட்னியிலிருந்து டாஸ்மேனியாவின் ஹோபார்ட் வரை நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிக்கு என் மகள் முதன்முறையாகப் போகிறாள். ஒரு மணிக்குப் பீரங்கி முழங்கியதும் துறைமுகம் முழுக்கப் பாய்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. நீங்கள்தான் பாயில் உள்ள எண்ணைக் கேட்டீர்கள். பெரிய படகுகள் முன்னால் உள்ள தொடக்கக் கோட்டிலிருந்து கிளம்பும், அவளுடையது பின்னால் வரும் என்று விளக்கித் தேடிக் காட்டினீர்கள். துறைமுக வாயைக் கடந்து அது தெற்கே திரும்பும்வரை தொலைநோக்கியைத் திருப்பிக் கேட்கவே இல்லை. உங்கள் பேரனும் ஒரு படகில் இருக்கிறான் என்பதைப் பிறகுதான் சொன்னீர்கள்!

போட்டித் தூரம் 628 கடல் மைல். 1998 போட்டியின்போது புயலில் ஆறு மாலுமிகள் இறந்ததைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் பூசி மெழுகவில்லை. அதன்பின் பாதுகாப்பு விதிகள் கடுமையானதைச் சொல்லி, படகுகள் எங்கே போகின்றன என்று காட்டும் இணைய வரைபடத்தை என் கைப்பேசியில் திறந்து தந்தீர்கள். அன்றிரவு நான் தூங்காததற்கு அந்த வரைபடமே காரணம். அதற்கும் சேர்த்தே நன்றி.