பந்தி விசாரணையும் சபையின் வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இக்காலத்துக்குத் திருச்சபை எதற்கு என்று கேட்டுத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரசங்கம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது, உதவிக்குத் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன, பிறகு சபை எதற்கு என்பது கட்டுரையாளர் வாதம். பிரசங்கம் கேட்கக் கூடும் கூட்டம்தான் சபை என்றால் அவர் சொல்வது சரி. 2020இல் கொரோனா ஆலயக் கதவுகளை அடைத்தபோதே கதை முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் சபை அது மட்டும்தானா? பைபிளில் முதல் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். எருசலேம் சபையில் முறுமுறுப்பு எழுகிறது. உபதேசத்தில் தகராறு இல்லை, சாப்பாட்டில்தான். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். சபையை நடத்திவந்த இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிடவில்லை. பந்தி விசாரணைக்கென்றே, அதாவது சாப்பாட்டுப் பங்கீட்டைக் கவனிக்கவென்றே, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர் என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (இன்றைய சபைக் கமிட்டிகளில் குறை சொன்னவர் கதி என்ன ஆகும் என்பதை விட்டுவிடுவோம்.)

கிரேக்க நகரமான கொரிந்துவின் சபையில் நேர்மாறு. வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் கூடிச் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று அப்போஸ்தலர் பவுல் அந்தச் சபைக்குத் தயங்காமல் எழுதிவிட்டார்.

தொண்டு நிறுவனம் பசித்தவருக்குச் சாப்பாடு போடும், மறுக்கவில்லை. ஆனால் அவரைத் தன் நிர்வாகக் குழுவில் உட்காரவைக்கும் கட்டாயம் அதற்கு இல்லை. சபைக்கு அது உண்டு. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே அப்பத்தில் பங்குபெறும் இடம் அது. நேரலையில் பாட்டு வரும், பிரசங்கம் வரும். பக்கத்தில் இருப்பவர் பட்டினி என்பது தெரியவராது. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டிலும், ஆயர்களின் அதிகாரத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு முன்னதாகவே இறைமக்களைப் பற்றிய அத்தியாயம் வந்துவிடுகிறது.

சொத்து வழக்கு, பதவிச் சண்டை பற்றிக் கட்டுரையாளர் கோபப்படுவது நியாயம்தான். அந்தக் கோபத்தோடு அவர் இன்னொரு கட்டுரையும் எழுதட்டும். காணிக்கையில் கட்டடத்துக்கு எவ்வளவு போகிறது, விதவைகளுக்கு எவ்வளவு போகிறது என்று சபை சபையாகக் கேட்டு வெளியிடட்டும். என் சபையின் கணக்கையும் சேர்த்தே கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சபை அங்கத்தினர்