பெரிய கேமராவா, சின்னதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

தை பிறக்கப் போகிறது என்றாலே எங்கள் கடையின் கண்ணாடி மேசைமேல் ஒரே கேள்விதான் வந்து விழும். “அண்ணே, வாங்குறது வாங்குறோம், பெரிசாவே வாங்கிடலாமா?” கேட்கிற பிள்ளையின் கைப்பேசியில் யாரோ ஒருவர் இரண்டு கேமராக்களை ஒப்பிட்டு மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பார். பின்னால் அப்பாவோ மாமாவோ வாய் திறக்காமல் நிற்பார். காசு அவருடையது.

போன வாரம் அப்படி வந்தவர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் மகளுக்குக் கேமரா எடுத்துக் கொடுக்க வந்திருந்தார். மகளுக்குக் கோயில் திருவிழா, தோழிகளின் பிறந்தநாள், ஊர்க் காட்சி என்று படம் பிடிக்க ஆசை. பெரியதை விற்றிருந்தால் எனக்கு நல்ல லாபம். சின்னதைக் கொடுத்து அனுப்பினேன், கூடவே ஒரு லென்ஸ். ஏன் என்று அவருக்கு விளக்க அரைமணி நேரம் ஆனது. வெளியே ஐ.சி. (அடையாள அட்டை) படத்துக்கு ஆள் காத்திருக்கும்போது எல்லாருக்கும் அந்த அரைமணியைக் கொடுக்க முடிவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பொதுவாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். எங்கள் அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 2022-ல் வந்த கேனன் ஆர்6 மார்க் 2. கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் தூக்கிக்கொண்டு திரிவது. இன்னொன்று 2023-ல் வந்த கேனன் ஆர்50, முதல்முறை வாங்குகிறவர்களுக்கானது. இரண்டும் மிரர்லெஸ்தான். பழைய டி.எஸ்.எல்.ஆருக்குள் ஒரு கண்ணாடி ‘டப்’பென்று எழும்பி விழும், இவற்றில் அது கிடையாது, படம் பதியும் சில்லான சென்சாருக்குத் தெரிவதையே நீங்களும் பார்க்கிறீர்கள். சோனி, நிக்கோன் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கேயும் கதை ஏறக்குறைய இதுதான்.

“பெரிசுல மெகாபிக்சல் கூடவாண்ணே?” என்று கேட்பார்கள். இரண்டிலும் 24.2 தான். அதாவது 6000-க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து நாங்கள் பிரிண்ட் போட்டால் 20-க்கு 13 அங்குலம் வரும். உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் படம் அநேகமாக இதற்குள் அடங்கிவிடும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸும் இரண்டிலும் ஒரே குடும்பம். பேரப்பிள்ளை ஓடினாலும் வீட்டுப் பூனை ஓடினாலும் சின்னதும் விடாமல் துரத்திப் பிடிக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் இந்த விலைக் கேமராவில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

வித்தியாசம் சென்சாரின் அளவில் தொடங்குகிறது. பெரியதில் 36-க்கு 24 மில்லிமீட்டர், பழைய பிலிம் கட்டத்தின் அளவு. சின்னதில் 22.3-க்கு 14.9. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் பெரியது சுமார் 2.6 மடங்கு. மழைத் தண்ணீர் பிடிக்க அண்டா வைப்பதற்கும் குண்டான் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு மங்கிய மண்டபத்தில் பெரியதின் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தெரிவது குறைவு.

இதைக் கேட்டதும் பலர் பணப்பையைத் திறந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சின்னதோடு பெட்டியில் வரும் 18-45 மில்லிமீட்டர் லென்ஸை, தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரத் திருப்பினால் துவாரம் எஃப் 6.3 வரைதான் திறக்கும். இந்த எஃப் எண் சிறிதாக ஆக, துவாரம் பெரிதாகும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. 160 கிராம், கைக்குள் அடங்கும் உருண்டை. அது எஃப் 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டால் உள்ளே வரும் ஒளி 12 மடங்கு! கேமரா உடலை மாற்றினால் 2.6, லென்ஸை மாற்றினால் 12. பெரிய உடலுக்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தில் இந்த லென்ஸ் பலவற்றை வாங்கலாம். அந்த அப்பாவிடம் இதைத்தான் மேசைமேல் கால்குலேட்டரை வைத்துக் காட்டினேன். இரண்டு முறை தட்டிப் பார்க்கச் சொன்னார்.

அந்த லென்ஸுக்கும் ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. சின்ன கேமராவில் மாட்டினால் 50 என்பது 80 போலக் காட்டும், அதாவது காட்சி குறுகி இன்னும் கிட்டத்தில் வரும். முகம் எடுக்க அருமை. ஆனால் லயத்து வீட்டுக் கூடத்தில் குடும்பம் மொத்தத்தையும் எடுக்கப் போனால் முதுகு சுவரில் இடிக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு 28 மில்லிமீட்டர், எஃப் 2.8 தோது. அதிரசம் மாதிரி தட்டையாக இருக்கும்.

சொன்னதை நாங்களே சோதித்தும் பார்த்தோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் இரண்டு கேமராவிலும் அதே 50 லென்ஸை மாட்டி, ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளி உணர்திறனை 6400-க்கு ஏற்றி வைத்து, கடைப் பையனை விளக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்தோம். 8-க்கு 12 அளவில் பிரிண்ட் போட்டு, எது எது என்று சொல்லாமல் மேசைமேல் வைத்தேன். வந்தவர்கள் கால்வாசிப் பேர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. ஆல்பத்தில் இரண்டு பக்கம் விரியும் அளவுக்கு அதையே பெரிதாக்கியபோது கதை மாறியது. சின்னதின் படத்தில் பையனின் தலைமுடி நிழலோடு கலந்து சேறாகத் தெரிந்தது. “இது கொஞ்சம் அழுக்கா இருக்கு” என்று பூக்கடை அக்காவே விரலை வைத்துக் காட்டிவிட்டார்.

அப்படியானால் பெரியது யாருக்கு? இதற்குப் பதில் சொல்ல என் பழைய காயம் ஒன்றைக் காட்ட வேண்டும். 2014-ல் ஒரு கல்யாணம் எடுத்தேன். அன்று என் கையில் இருந்த கேமராவில் ஒரே ஒரு கார்டுக்குத்தான் இடம். தாலி ஏறி, மெட்டி போட்டு, சனம் பந்திக்கு எழுந்த நேரத்தில், கார்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மீட்டுத் தருகிறவரிடம் கொடுத்ததில் பாதிப் படம் திரும்பியது. கெட்டிமேளம் கொட்டிய அந்த ஒரு நிமிடம் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்தார். திட்டியிருந்தால் தேவலை. “தம்பி, தாலி கட்டுறப்ப அவங்கப்பா கண்ணைத் தொடச்சாரே, அது இருக்கா?” என்று மட்டும் கேட்டார். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொள்ளக்கூட அவருக்கு மனமில்லை.

ஆர்6 மார்க் 2-வில் இரண்டு எஸ்.டி. கார்டு போடலாம். ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொல்லலாம். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். ஆர்50-ல் ஒரே கார்டு. என்னைக் கேட்டால், கூலி வாங்கி அடுத்தவர் வீட்டு விசேஷத்தை எடுக்கிறவர் பெரியதற்குப் போக இந்த ஒரு காரணமே போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியதில் சென்சாரே அசைந்து கை நடுக்கத்தை ஈடுகட்டும். சின்னதில் அது இல்லை, லென்ஸில் இருந்தால் உண்டு. பெரியதின் பேட்டரி 2130 எம்.ஏ.எச்., சின்னதினுடையது 1040; சின்னது வாங்குகிறவர்கள் இன்னொரு பேட்டரியும் சேர்த்தே வாங்குங்கள். 4கே வீடியோவில் பெரியது விநாடிக்கு 60 பிரேம் எடுக்கும், சின்னது 30. மழைத் தூறலும் தூசும் உள்ளே போகாதபடி பெரியதை அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். சின்னதுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நம் ஊர் நாலு மணி மழை தெரியும்தானே, பையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும்.

எடையையும் பாருங்கள். பேட்டரியும் கார்டும் போட்டு பெரியது 670 கிராம், அதற்கேற்ற 24-70 எஃப் 2.8 லென்ஸ் 900 கிராம். ஒன்றரைக் கிலோ தாண்டிவிட்டது. சின்னது 375, பெட்டி லென்ஸ் 130, அரைக்கிலோ. தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோவில் காவடிக்குப் பின்னால் வெயிலில் நடக்கிறவர்களுக்கு இந்த ஒரு கிலோ மதியத்துக்குள் புரிந்துவிடும். பெரியதை வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருக்கிற இரண்டு மூன்று வீடுகள் எனக்குத் தெரியும். காரணம் கேட்டால், “கனமா இருக்குண்ணே” என்கிறார்கள்.

பழைய பிளாஷ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஆர்50-ன் தலையில் பிளாஷ் மாட்டும் இடமான ஷூ புது மாதிரி. கேனனின் பழைய பிளாஷையே அதில் நேரடியாக மாட்டினால் வேலை செய்யாது, ஏ.டி.-இ1 என்ற அடாப்டர் நடுவில் வேண்டும். வேறு கம்பெனி பிளாஷ் என்றால் கடைக்குக் கொண்டுவந்து மாட்டி, அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிற்பாடு பெரியதற்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் லென்ஸ் பெயரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ‘ஆர்.எஃப்.-எஸ்’ என்று இருந்தால் அது சின்ன சென்சாருக்குச் செய்தது. பெரியதிலும் மாட்டலாம், ஆனால் நடுப்பகுதியை மட்டும் வெட்டி ஏறக்குறைய 9 மெகாபிக்சல்தான் தரும். வெறும் ‘ஆர்.எஃப்.’ என்றால் இரண்டிலும் முழுசாக ஓடும். மேலே சொன்ன 50-ம் 28-ம் அந்த ரகம். அவற்றில் போட்ட காசு வீணாகாது.

எதை வாங்கினாலும் பூசணத்துக்கு ஒன்றுதான். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் துணி அலமாரிக்குள், தோல் பைக்குள் வைத்த லென்ஸின் உள்பக்கம் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் ஓடும். மாதம் மூன்று நான்கு அப்படி வருகிறது. துடைத்துத் தருகிறோம், ஆனால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஈரப்பதத்தை 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் வைக்கும் டிரை கேபினெட் நல்லது. அதற்குக் காசு இல்லையென்றால் காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். அதைவிட நல்ல வைத்தியம் வாரம் ஒருமுறை கேமராவை வெளியே எடுத்துப் படம் பிடிப்பது.

இந்த மாதச் சனிக்கிழமைகளில் காலை 10 மணியிலிருந்து இரண்டு கேமராவும் மேசைமேல் இருக்கும். சொந்த எஸ்.டி. கார்டு கொண்டு வாருங்கள். எடுத்துப் பார்த்து, படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு விசேஷத்துக்குப் பெரியது வேண்டும் என்பவர்களுக்கு நாள் வாடகைக்கும் தருகிறோம். அடையாள அட்டை நகலும் முன்பணமும் வேண்டும். தைப்பூசத்தன்று கடை அடைப்பு, நானும் காவடிக்குப் பின்னால்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்டூடியோக்காரர்

பி.கு.: தீபாவளிக்கு முன்னால் பூசணம் துடைக்கக் கொடுத்த லென்ஸ்களில் ஐந்து இன்னும் எங்கள் பெட்டியில் கிடக்கின்றன. ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, முகம் எனக்குத் தெரியும். வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.