மாசாமாசம் காசு போச்சு, அலாரம் நாலு மாசமா செத்துக் கிடந்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாரத்துக்கு ரெண்டு தடவையாவது "பூட்டியிருந்த வீட்டின் கதவை உடைத்து நகை திருட்டு"ன்னு ஒரு செய்தி வருது. அதைப் படிச்சுட்டு பயந்துபோய் வீட்டுக்கு அலாரம் மாட்டுற ஆளுங்க எங்க ஊர் பக்கம் இப்ப நிறைய. நாங்களும் அப்படி மாட்டினவங்கதான். மாட்டினதுல நாங்க பட்டதை எழுதினா அடுத்து வாங்கப்போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னுதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போனாலும் தயவு செஞ்சு வெட்டாம போடுங்க.

அப்பா அம்மா தஞ்சாவூர்ல இருக்காங்க, நான் திருச்சில வேலை பாக்குறேன், தம்பி பெங்களூர்ல. தம்பிக்கு குழந்தை பிறந்ததுல இருந்து அப்பா அம்மா வருஷத்துல பாதி நாள் பெங்களூர்லதான், வீடு பூட்டியே கிடக்கும். 2024 மே மாசம் எங்களுக்குப் பக்கத்து தெருவுல ஒரு வீட்ல பீரோவை உடைச்சுட்டாங்க. அந்த வீட்ல கேமரா இருந்துச்சு, நாலு கேமரா. ஆனா அந்தப் பதிவெல்லாம் சேருற டிவிஆர் பெட்டி டிவிக்கு கீழேயே இருந்ததால போகும்போது அதையும் கையோட தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதைக் கேட்டதும் அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. கேமரா நடந்ததைக் காட்டும், நடக்கும்போது கத்துற மாதிரி ஒண்ணு வேணும்னு தம்பி சொன்னான், அதான் அலாரம்.

ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம், பேரு வேண்டாம். நல்ல சட்டை போட்ட ஒரு தம்பி வந்து வீட்டை சுத்திப் பார்த்துட்டு 42,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் 7,560, மொத்தம் 49,560னு கொட்டேஷன் கொடுத்தாரு. அது போக மாசம் 500 பிளஸ் ஜிஎஸ்டி, அதாவது 590, அவங்க கண்ட்ரோல் ரூம்ல இருந்து 24 மணி நேரமும் பாத்துக்குறதுக்கு கண்காணிப்புக் கட்டணம், மூணு வருஷ ஒப்பந்தம். நாங்க 49,560யை மட்டும்தான் பார்த்தோம், 590ஐ 36ஆல பெருக்கிப் பார்க்கவே இல்ல. பெருக்கினா 21,240 வருது. அப்ப விலை 49,560 இல்ல, 70,800. கடைசில பக்கத்துலயே எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் பண்ற ஒருத்தர் இதே எண்ணிக்கை சென்சாருக்கு எல்லாம் சேர்த்து 23,500 சொன்னாரு, ஆனா அதை நாங்க கேட்டது மாட்டினதுக்கு அப்புறம்.

நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டி இல்லாத தவணைன்னு சொன்னாங்க, தம்பி கார்டுல ஆறு மாசத்துக்கு போட்டான். வட்டி இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2013லயே சொல்லியிருக்கு. வட்டியைத் தள்ளுபடின்னு காட்டி விலைக்குள்ளயே வச்சிருப்பாங்க, அந்த வட்டிக்கு மேல பேங்க் தனியா ஜிஎஸ்டி பிடிக்கும், ப்ராசஸிங் சார்ஜ் வேற. அதனால வாங்குறவங்க முதல்ல "இன்னைக்கே முழுக் காசும் கொடுத்தா எவ்வளவு"ன்னு கேளுங்க, அந்த வித்தியாசம்தான் நீங்க கட்டுற வட்டி.

இனி அலாரத்துக்கு வரேன். பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல, ஆனா புரிஞ்சு வாங்கணும். கதவுல ஒரு காந்தத் துண்டு, நிலைல ஒரு சுவிட்ச், ரெண்டும் விலகினா பெட்டிக்குத் தகவல் போகும். ஹாலுக்கு பிஐஆர்னு ஒரு சென்சார், சூடான உடம்பு அசைஞ்சா அதுக்குத் தெரியும். நடுவுல ஒரு பெட்டி, அதுக்குள்ள கரண்ட் போனா ஓட ஒரு பேட்டரி, போன் பண்ண ஒரு சிம். வெளிய ஒரு சைரன். அவ்வளவுதான். கம்பெனி கொட்டேஷன்ல முன்வாசலுக்கே ரெண்டு சென்சார் இருந்துச்சு, கிரில் கேட்டுக்கு ஒண்ணு தேக்குக் கதவுக்கு ஒண்ணு. மொட்டை மாடிப் படி முடியுற இடத்துல ஒரு தகரக் கதவு இருக்கு, உதைச்சா திறந்துக்கும், அதுக்கு ஒண்ணும் இல்ல. கொல்லைக் கதவுக்கும் இல்ல. திருடன் தெருப் பக்கம் நின்னு தேக்குக் கதவோட ஏன் மல்லுக்கட்டப் போறான்? அப்பாதான் அதை கவனிச்சு சொல்லி கிரில் சென்சாரை எடுத்து மாடிக்கு மாத்தச் சொன்னாரு, கொல்லைக்கு ஒண்ணு கூடுதலா வச்சாங்க, அதுக்கும் காசு வாங்கினாங்க.

2024 ஜூன் 10ஆம் தேதி மாட்டினாங்க. மூணாவது வாரம், அப்பா அம்மா பெங்களூர் போயாச்சு, ராத்திரி ரெண்டே முக்கால் மணிக்கு என் போன் அடிக்குது, எடுத்தா பதிவு பண்ணின குரல், உங்க வீட்ல அலாரம்னு. எனக்கு கை கால் ஓடல. திருச்சில இருந்து எவ்வளவு வேகமா போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன், சைரன் சத்தத்துல அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் ஏற்கனவே டார்ச்சோட வாசல்ல நிக்குறாங்க. நான் 112க்கு சொன்னேன், ரோந்து போலீஸ் வந்தாங்க, அவங்களை வச்சுக்கிட்டு அக்கா சாவி போட்டுத் திறந்து பார்த்தா, ஹால்ல மூலைல இருக்குற பிஐஆர் சென்சார் மேல ஒரு பல்லி. அது அந்த வெள்ளைக் கண்ணாடி மேலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம், டார்ச் அடிச்சதும்தான் நகர்ந்துச்சாம். தூரத்துல போற பல்லியை அது கண்டுக்காது, ஆனா கண்ணு மேலயே ஊர்ந்தா பெரிய ஆள் நடக்குற மாதிரி அதுக்குப் படும்னு அப்புறம் சர்வீஸ்காரர் சொன்னாரு. சென்சாரை டியூப்லைட் பக்கத்துல வச்சிருந்தாங்க, லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். நம்ம ஊர்ல பல்லி இல்லாத வீடு எது? இதை மாட்டுறவங்களுக்கு நாமளா சொல்லித் தரணும்? ஒயர் போற ஓட்டையை அடைச்சு, லைட்டை விட்டுத் தள்ளி வேற மூலைக்கு மாத்தினதும் அந்தத் தொல்லை நின்னுச்சு.

ஒரு விஷயம் இங்க முக்கியம். அன்னைக்கு ராத்திரி கம்பெனி கண்ட்ரோல் ரூம்ல இருந்து எனக்கு எந்த போனும் வரல. அடுத்த நாள் பதினோரு மணிக்கு வந்துச்சு. 24 மணி நேரக் கண்காணிப்புன்னா என்னன்னு நான் அன்னைக்கே கேட்டிருக்கணும், அலாரம் வேலை செஞ்சுச்சேங்குற நிம்மதில விட்டுட்டேன்.

இப்ப பொங்கலுக்கு வரேன். 2025 ஜனவரி, அப்பா அம்மா பெங்களூர்ல இருந்து வந்தாங்க, நானும் போனேன். அப்பா கதவைத் திறந்து உள்ள போனவரு அலாரத்தை நிறுத்துற ரகசிய நம்பரை அடிக்குறதுக்குள்ள மறந்துட்டாரு, சைரன் கத்த ஆரம்பிச்சுது. அம்மா காதைப் பொத்திக்கிட்டு திண்ணைல நிக்குறாங்க, அப்பா பெட்டி முன்னாடி நின்னு நம்பர் தேடுறாரு, எதிர்வீட்டு அக்கா மாவுக் கையோட ஓடி வந்துட்டாங்க. நான் அப்பாவோட போனை கைல வச்சிருந்தேன், என் போன் இன்னொரு கைல. ரெண்டும் சும்மா இருந்துச்சு. சைரன் நிக்குற வரைக்கும், நின்னு அஞ்சு நிமிஷம் கழிச்சும், ஒரு போன் கூட அடிக்கல. எனக்கு அப்பதான் வயிறு கலங்குச்சு.

பெட்டியைத் திறந்து சிம்மைக் கழட்டி என் பழைய போன்ல போட்டுப் பார்த்தேன். ரீசார்ஜ் முடிஞ்சிடுச்சுன்னு வரிசையா எஸ்எம்எஸ். மாட்டின அன்னைக்கு 84 நாள் பிளான் போட்டிருக்காங்க, ஜூன் 10ல இருந்து 84 நாள், செப்டம்பர் 2ஆம் தேதி முடிஞ்சிருக்கு. ரீசார்ஜ் பண்ணுங்கன்னு ஞாபகப்படுத்துற எஸ்எம்எஸ் எல்லாம் அந்த சிம்முக்கேதான் போகும், அந்த சிம் சுவத்துல மாட்டின பெட்டிக்குள்ள இருக்கு, அதை யாரு படிப்பாங்க? செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், நாலு மாசம் பூட்டின வீட்ல அந்தப் பெட்டி பச்சை லைட் எரிய ஊமையா இருந்திருக்கு. அந்த நாலு மாசமும் அப்பா அக்கவுண்ட்ல இருந்து 590 ரூபாய் ஆட்டோபேல ஒரு மாசம் கூடத் தவறாம போயிருக்கு. மொத்தம் 2,360. அப்பா பென்ஷன் காசு சார் அது.

கம்பெனிக்குப் போன் பண்ணினா சிம் ரீசார்ஜ் உங்க பொறுப்பு, ஒப்பந்தத்துல நாலாம் பக்கம் இருக்குன்னாங்க. இருக்கு, பொடி எழுத்துல இருக்கு. ஆனா அதே ஒப்பந்தத்துல பெட்டில இருந்து தினம் ஒரு தடவை கண்ட்ரோல் ரூமுக்கு சோதனைத் தகவல் வரும்னும் இருக்கு. நாலு மாசம் தகவல் வரலையே, ஒருத்தர் கூட ஏன் எங்களுக்கு போன் பண்ணலன்னு கேட்டேன், பதில் இல்ல. கண்காணிப்புக்குத்தானே காசு வாங்குறீங்க, எங்க வீட்டுப் பெட்டி செத்தது கூடத் தெரியலன்னா எதைக் கண்காணிச்சீங்க? ஒப்பந்தத்தை முறிக்கிறேன்னு சொன்னா மீதி மாசத்துக் காசு எல்லாம் கட்டணும்னாங்க. நான் மெயில்ல எல்லாத்தையும் தேதியோட எழுதி அனுப்பிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சேன். மூணு வாரத்துல 2,360 திரும்பி வந்துச்சு, மீதிக் காசு கேக்குறதையும் விட்டுட்டாங்க. அது நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக இருந்தேன், 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸ் கிடையாது. சில பேரு கோபத்துல யுபிஐ ஆப்ல ஆட்டோபேயை மட்டும் நிறுத்திடுறாங்க. நிறுத்தலாம், அது நம்ம கைலதான் இருக்கு, ஆனா காசு போறது நின்னா ஒப்பந்தம் முடிஞ்சதா அர்த்தம் இல்ல, முதல்ல எழுத்துல கொடுத்துட்டு அப்புறம் நிறுத்துங்க.

இப்ப நாங்க என்ன பண்றோம்னா, பெட்டி அதேதான், மாசக் கட்டணம் இல்ல. அலாரம் அடிச்சா முதல் போன் எதிர்வீட்டு அக்காவுக்கு, ரெண்டாவது எனக்கு, மூணாவது தம்பிக்கு. முன்னாடி முதல் நம்பரா பெங்களூர்ல இருக்குற தம்பியோடது இருந்துச்சு, அவன் எழுந்து என்ன பண்ண முடியும்? சிம்முக்கு டேட்டா தேவையே இல்ல, கால் எஸ்எம்எஸ் மட்டும் இருக்குற ரீசார்ஜ், போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற டிராய் உத்தரவுக்கு அப்புறம் வந்திருக்கு, ஒரு வருஷத்துக்கு சேர்த்தே போட்டுட்டோம். பழைய 2ஜி பெட்டி வச்சிருக்கவங்க ஜியோ சிம் போட்டா வேலை செய்யாது, அவங்ககிட்ட 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, இதுவும் யாரும் சொல்றது இல்ல. வைஃபையை மட்டும் நம்புற அலாரம் நம்ம ஊர் கரண்ட்டுக்கு சரிப்படாது, கரண்ட் போனா ரௌட்டரும் போயிடும். பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல வீக் ஆகும், மாட்டின தேதியை மார்க்கர்ல பேட்டரி மேலயே எழுதி வச்சிருக்காரு அப்பா.

அம்மாவோட நகை பேங்க் லாக்கருக்குப் போயிடுச்சு, அலாரத்துக்கு முன்னாடியே அதைத்தான் செஞ்சிருக்கணும். மாசம் 590ன்னா வருஷத்துக்கு 7,080, எங்க லாக்கர் வாடகை அதுல பாதி கூட வராது. லாக்கர்ல திருடு போனா வருஷ வாடகையோட 100 மடங்கு வரை பேங்க் பொறுப்புன்னு ரிசர்வ் பேங்க் விதி 2022 ஜனவரில இருந்து இருக்கு. வீட்டு இன்சூரன்ஸ் இருக்கே, திருட்டுக்கும் வரும்னு நினைக்கிறவங்க பாலிசியை எடுத்துப் பாருங்க, பாரத் கிரிஹ ரக்ஷாங்குற வீட்டு பாலிசி அடிப்படைல தீ, வெள்ளம், புயல் மாதிரி சேதத்துக்குத்தான், சாதாரண திருட்டுக்கு தனியா கவர் எடுக்கணும். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போறதுக்கு ஒரு ரூபாய் செலவு இல்ல, ரோந்து வர்றவங்க ஒரு கண்ணு வச்சுக்குவாங்க, அதையும் இப்ப தவறாம செய்றோம்.

ரெண்டு கோரிக்கை. ஒண்ணு அரசுக்கு. அலாரம் விக்குறவங்க சிம் யாரு ரீசார்ஜ் பண்ணணும், தகவல் வராம போனா எத்தனை மணி நேரத்துல வீட்டுக்காரங்களுக்கு சொல்லுவாங்க, அலாரம் அடிச்சா எத்தனை நிமிஷத்துல யாரைக் கூப்பிடுவாங்க, நடுவுல விலகினா எவ்வளவு கட்டணும், இந்த நாலையும் தமிழ்ல பெரிய எழுத்துல ஒரே பக்கத்துல எழுதிக் கையெழுத்து போட்டுத் தரணும்னு கட்டாயமாக்கணும். இன்னொண்ணு உங்களுக்கு. திருட்டு செய்தி போடும்போது எத்தனை பவுன்னு மட்டும் போடாம, அந்த வீட்ல அலாரம் இருந்துச்சா, இருந்தா அடிச்சுச்சா, அடிக்கலன்னா ஏன் அடிக்கலன்னும் உங்க நிருபர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்க. படிக்கிற எங்களுக்கு அதுதான் வேணும்.

எங்க வீட்ல இப்ப மாசம் ஒண்ணாம் தேதி சாயங்காலம் அப்பா அலாரத்தை ஆன் பண்ணிட்டு கொல்லைக் கதவைத் திறப்பாரு, ஊர்ல இல்லன்னா எதிர்வீட்டு அக்கா போய்த் திறப்பாங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள என் போன் அடிக்கணும். அடிச்சதும் நான் கூப்பிட்டு வந்துடுச்சுன்னு சொல்லுவேன், அந்தப் பக்கம் காலண்டர்ல ஒரு டிக் விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.