பத்தாம் வகுப்பை வாரந்தோறும் நடத்த விடுங்கள்

மதிப்பிற்குரிய ஜெப ஆலய நிர்வாக சபையாருக்கும் கல்விக் குழுவினருக்கும்,

ஷாலோம். வரும் கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பின் கன்ஃபர்மேஷன் (பிள்ளைகள் தம் யூத நம்பிக்கையை உறுதிசெய்யும் சடங்கு) பாடம் மாதம் ஒரு ஞாயிறு மட்டுமே, சடங்கும் தோரா என்னும் வேதம் கிடைத்த நாளான ஷாவுவோத் பண்டிகையை விட்டு மே மாத வெள்ளி மாலை ஒன்றுக்குப் போகிறது என்ற சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்குத் தேர்வு, விளையாட்டு, பெற்றோருக்குக் கார் ஓட்டும் அலுப்பு என்று நீங்கள் எழுதிய காரணங்கள் எதுவும் பொய்யில்லை. இருந்தும் இந்த வகுப்பை எடுப்பவர்கள் என்ற முறையில் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறோம். பாடம் வாரந்தோறும் நடக்கட்டும். சடங்கு ஷாவுவோத்திலேயே இருக்கட்டும்.

இலையுதிர்காலத்தில் வரும் சிம்ஹாத் தோரா பண்டிகை முடிந்த வாரத்தில் தொடங்கி, குளிர்கால விடுமுறையையும் பஸ்கா வாரத்தையும் கழித்தால் 26 புதன் மாலைகள் கிடைக்கும். ஒன்றரை மணி வீதம் 39 மணி நேரம். உங்கள் திட்டத்தில் எட்டு ஞாயிறுகள், இரண்டு மணி வீதம் 16. நேரம் குறைவதையாவது எப்படியோ சமாளிக்கலாம், இடைவெளியைச் சமாளிக்க வழியில்லை. ஒரு ஞாயிறு காய்ச்சலென்றோ கால்பந்துப் போட்டியென்றோ வராத பிள்ளை அடுத்து வகுப்பில் உட்காரும்போது எட்டு வாரம் போயிருக்கும். நாங்கள் படிப்பது ஹவ்ருதா முறையில், இருவர் இருவராக உட்கார்ந்து, ஒரே பக்கத்தை வாய்விட்டு வாசித்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்து. ஒருவர் வராவிட்டால் படிப்பு இழப்பு இருவருக்கும்.

யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் பாபா மெட்சியா நூலின் 59-ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் வரும் அக்னாய் அடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டித் துண்டாக்கி, இடையில் மணல் வைத்துக் கட்டிய அடுப்பு தீட்டுப்படுமா என்று விவாதம். படாது என்கிறார் ரப்பி எலியேசர், மற்ற ஞானிகள் ஏற்கவில்லை. கரோப் மரம் இடம்பெயர்கிறது, ஓடை பின்னோக்கி ஓடுகிறது, கல்விக்கூடத்தின் சுவர் சாய்கிறது, வானத்துக் குரலும் அவர் பக்கமே பேசுகிறது. “அது வானத்தில் இல்லை” என்று உபாகமத்தை எடுத்துக்காட்டி ரப்பி யோசுவா மறுக்கிறார். என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்று கடவுள் சிரிக்கிறார். அவசர வகுப்புகள் இங்கே மணியடித்துவிடும். பிள்ளைகளும் பெரும்பான்மை வென்றது, ஜனநாயகம் வாழ்க என்று மகிழ்ச்சியோடு வீடு போவார்கள்.

கதை அங்கே முடியவில்லை. எலியேசர் தூய்மை என்று தீர்ப்புச் சொன்ன பொருள்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள், அவரையும் விலக்கி வைக்கிறார்கள். சேதி சொல்லப் போகும் ரப்பி அகிவா கறுப்பு உடுத்து, நான்கு முழம் தள்ளி உட்காருகிறார். எலியேசர் அழுகிறார், உலகின் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அழிகிறது. விலக்கத்துக்குத் தலைமை தாங்கிய கமாலியேலும் இறக்கிறார். இந்தக் கதையைத் தல்மூத் வைத்திருப்பது சொல்லால் பிறரை நோகடிப்பதைப் பற்றிய பகுதியில். சரியான தீர்ப்பை எட்டிய கூட்டம் தோற்றவரிடம் எப்படி நடந்துகொண்டது என்பதே அங்கே கேள்வி. வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவரைத் தூக்கி எறிவது எப்படி என்று நன்கறிந்த பதினைந்து வயதுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது? முதல் பாதிக்கு ஒரு வகுப்பு, இரண்டாம் பாதிக்கு ஒன்று, சண்டைபோட மூன்றாவது. வாரந்தோறும் என்றால் மூன்று வாரத்தில் முடியும். உங்கள் கணக்கில் நவம்பரில் அடுப்பைப் பற்ற வைத்தால் டிசம்பரில்தான் எலியேசர் அழுவார், சண்டை ஜனவரியில். முதல் பாதி அதற்குள் யாருக்கு நினைவிருக்கும்?

சடங்கில் ஒவ்வொருவரும் வாசிக்கும் நம்பிக்கை உரைக்கும் இதே கதிதான். மார்ச் வாக்கில் பூரிம் பண்டிகை முடிந்ததும் முதல் வரைவு, பிறகு ரப்பியோடு தனியே இரண்டு சந்திப்பு, பஸ்காவுக்குப் பின் திருத்தம். முதல் வரைவில் அம்மா, அப்பா, பாட்டிக்கு நன்றி மட்டுமே இருக்கும். அதைத் தாண்டி “எனக்குக் கடவுள்மேல் நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் இங்கேதான் இருப்பேன்” என்று தோராச் சுருள்கள் இருக்கும் பேழைக்கு முன் நின்று சொல்ல ஒரு பிள்ளைக்குத் துணிவு வர வேண்டுமானால், எதிரே இருப்பவரோடு நன்கு பழகியிருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில், புராட்டஸ்டண்டு அயலாரைப் பார்த்துத் தொடங்கிய காலத்தில், மனப்பாடக் கேள்வி பதிலே சடங்கின் பெரும்பகுதி. 1846-இல் ரப்பி மாக்ஸ் லிலியந்தால் நியூயார்க்கில் தொடங்கிவைத்த பிறகு அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். நேரத்தைப் பிடுங்கினால் மறுபடி ஒப்பிப்பதுதான் மிஞ்சும்.

ஷாவுவோத் தேர்வோடு மோதுகிறதென்பது பாதி உண்மை. கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வுகள் மே முதல் இரு வாரங்களில் நடக்கின்றன. ஷாவுவோத் மே நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள் எங்காவது விழும். 2026-இல் மே 21 மாலை. பள்ளி நாளில் காலைத் தொழுகைக்கு வர முடியாதென்றால் முந்தைய மாலையிலேயே சடங்கை வையுங்கள், அதை ஏற்கெனவே செய்யும் சீர்திருத்த யூத ஆலயங்கள் உண்டு. சீனாய் மலையில் தோரா கிடைத்த நாள் என்பதால்தான் அன்று யாத்திராகமம் 19, 20 அதிகாரங்களை வாசிக்கிறோம், “உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்” என்று தானாக விரும்பிச் சேர்ந்த ரூத்தையும் வாசிக்கிறோம். ஏதோ ஒரு வெள்ளியில் இவற்றுக்கு என்ன வேலை? இன்னொன்று, பத்துக் கட்டளைகளுக்கு அன்று மேல் இசைக்குறி என்ற தனி ராகம். பதின்மூன்று வயதில் பழகிய ராகம் கைகொடுக்காது, ஆறு முதல் எட்டு வாரம் தொடர்ந்து பாடிப் பார்க்க வேண்டும்.

பதின்மூன்று வயதில் நடக்கும் பார் மிட்ஸ்வா சடங்கின் தேதியை மட்டும் இரண்டு, மூன்று ஆண்டு முன்கூட்டியே ஒதுக்க முடிகிறது, விருந்து மண்டபத்துக்கு ஒளியமைப்பு மாற்றப் பணம் கிடைக்கிறது. பிறகு பதின்மூன்றுக்குமேல் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று ஆய்வுக் கூட்டம் போடுகிறோம். பதின்மூன்று வயது கட்டளைகளுக்கு, பதினைந்து வயது தல்மூதுக்கு என்று ஞானிகளின் பொன்மொழித் தொகுப்பான பிர்கே அவோத் ஐந்தாம் அதிகாரம் அன்றே சொல்லிவிட்டது. நடைகூடச் சுவரில் வெள்ளை அங்கியோடு ஆண்டுவாரியாக மாட்டியிருக்கும் குழுப்படங்களில் இடைவெளி விழக் கூடாது என்பதுதான் கவலையென்றால், எட்டு ஞாயிறுகூட அதிகம், ஒன்று போதும்.

கடுமையாக எழுதிவிட்டோமென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதன் வேண்டாமென்றால் வேறு மாலையைத் தாருங்கள், ஒன்றரை மணியை ஒன்றேகால் ஆக்குங்கள், விளையாட்டுப் பயிற்சி முடிந்து பசியோடு வருபவர்களுக்குப் பீட்சா வாங்கும் தொகையை மட்டும் வெட்டாதீர்கள். ஆனால் வாரந்தோறும் என்பதையும் ஷாவுவோத் என்பதையும் விட்டுக்கொடுக்க எங்களால் இயலாது. ஆசிரியர் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன், எலுல் மாதம் (ஆகஸ்ட்–செப்டம்பர்) பிறப்பதற்குள், ஒரு மாலை எங்களை அழைத்துப் பேசும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள்