மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்தால் ‘வெயிலில் மயங்கி விழுந்தார்’ என்று தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. விழுந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவர் உடனே என்ன செய்யவேண்டும் என்பதுதான் வருவதில்லை. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வெயிலில் உடம்பு சூட்டை வெளியேற்றுவதற்காகத் தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. வேர்வையில் நீரும் உப்பும் போய்விடுகின்றன. நடந்துகொண்டிருந்தால் கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, அழுத்தம் இறங்கி, மூளைக்குப் போவது குறைந்துவிடும். கண் இருட்டும், காது அடைக்கும், குமட்டும், ஆள் சரிந்துவிடுவார். பள்ளியில் காலை வணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகளும் அணிவகுப்பில் விறைப்பாக நிற்கும் காவலர்களும் விழுவது இதனால்தான். வெறும் வயிற்றோடு வந்தவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் இன்னும் சீக்கிரம் விழுவார்கள்.

கீழே விழுந்ததும் தலையும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வருவதால் ரத்தம் தானாக மூளைக்குத் திரும்பும். அந்த நேரம் பார்த்துத்தான் நம் ஆட்கள் தூக்கி நிறுத்துகிறார்கள். மதுரைச் சித்திரைத் தேரோட்டத்தின்போது மாசி வீதியில் ஒரு பெண்ணைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாயில் சோடாவை ஊற்றிக்கொண்டிருந்தார். கை லேசாக வெட்டி இழுத்ததைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். தலை தொங்கிக்கொண்டேதான் இருந்தது. கடை நிழலில் துண்டை விரித்துப் படுக்க வைத்து, காலுக்கடியில் பைகளை அடுக்கி உயர்த்தி, ஜாக்கெட் கொக்கியைத் தளர்த்தி, சுற்றி நின்றவர்களை விலகச் சொன்னேன். ஒரு நிமிடத்துக்குள் கண் விழித்துத் தன் பிள்ளை எங்கே என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் உப்புப் போட்ட மோர் கொடுத்தோம். நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அதைச் செய்யவே கூடாது. வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கூட்டநெரிசலில் விழ இடமில்லாமல் பக்கத்து ஆள்மீது சாய்ந்தபடியே ஒருவர் மயங்கிக் கிடப்பதும் உண்டு. அவரையும் கீழே கிடத்த இடம் ஒதுக்க வேண்டும்.

ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிட்டால் இது சாதாரண மயக்கம். தெளியவில்லை, உளறுகிறார், வலிப்பு வருகிறது, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பவாதம். வேர்வை இருந்தாலும் ஏமாறாதீர்கள். உடல் வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கலாம்; தாமதித்தால் உயிர் போய்விடும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் குடம் குடமாகத் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. நெஞ்சுவலியோடு மயங்கியவர், தலையில் அடிபட்டவர், முதியவர், கர்ப்பிணி ஆகியோர் தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்க வெயிலில் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதே மாதம் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்ததால், அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. நல்லதுதான். ஆனால் கூட்டம் கூட்டுபவர்கள் நிழலும் தண்ணீரும் ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று அனுமதி தரும்போதே பார்க்கவேண்டாமா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. அப்படியும் ஜவுளிக்கடைகளில் பிள்ளைகள் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

திருவிழாக்களில் காவல்துறை மைக்கில் நகை பத்திரம், குழந்தை பத்திரம் என்று ஓயாமல் சொல்கிறார்கள். ‘கண் இருட்டினால் கூச்சப்படாமல் அங்கேயே உட்காருங்கள், மயங்கியவரைப் படுக்க வையுங்கள், காலை உயர்த்துங்கள், சுற்றி நிற்காதீர்கள்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும். தாங்களும் பங்குனி பிறந்ததுமே இதை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.