நத்தைகுத்தி நாரையை எண்ணுகிறீர்கள், நத்தைக்கொல்லி ஈயையும் எண்ணுங்கள்

பெறுநர்: தமிழ்நாடு மாநில ஈரநில ஆணையம்
நகல்: கால்நடை பராமரிப்புத் துறை, தஞ்சாவூர், திருவாரூர், அரியலூர் மாவட்டங்களின் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழுக்கள்

மதிப்புக்குரியீர், வணக்கம்.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி ஆகிய மூன்று ஏரிகளும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளவை. அங்கு ஆண்டுதோறும் பறவைகள் கணக்கெடுக்கப்படுகின்றன, நத்தைகுத்தி நாரைக்கும் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. அதே ஏரிக் கரையில் கோரைத் தாளில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஈயின் புழுக்களும் நத்தைகளைத் தின்றுதான் வளர்கின்றன. அந்த ஈக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. மேட்டூர்த் தண்ணீர் வருவதில் தொடங்கி அடுத்த கோடை முடியும்வரை, காவிரிப் படுகையின் நத்தைக்கொல்லி ஈக்களை ஓராண்டு முழுதாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். எப்படிச் செய்தால் பயன்படும், எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

சயோமைசிடே என்பது இந்த ஈக்களின் குடும்பம். உலகெங்கும் 500க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இவற்றின் புழுக்கள் நத்தையைக் கொன்று தின்பவை என்பதை 1950களில் பரவலாக நிறுவியவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளிஃபர்ட் பெர்க். நம் நெல்வயல்களிலும் குளக்கரைகளிலும் முதலில் தேட வேண்டியது செபிடான் பேரினம். இளம்பழுப்பு முதல் ஈயச் சாம்பல் வரை நிறம், முகத்துக்கு முன்னால் நேராக நீட்டிய உணர்கொம்பு, வெட்டுக்கிளியினுடையதுபோல் தடித்த பின்தொடை. இந்த மூன்றையும் பார்த்துப் பழகிவிட்டால் வலைக்குள்ளேயே அடையாளம் தெரியும். இப்பேரினத்தின் ஆசிய இனங்கள் பலவற்றுக்கு 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே பெயர் சூட்டியாயிற்று. இனத்துக்குப் பெயர் இருப்பது வேறு, எந்த ஏரியில் எந்த மாதத்தில் எந்த நத்தையைத் தின்கிறது என்று தெரிவது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

கால்நடைத் துறைக்கு நகல் அனுப்பக் காரணம் உண்டு. படுகையில் மாடு வளர்ப்போரை வாட்டும் புழு நோய்கள் சில, குறிப்பிட்ட இரண்டு வகை நத்தைகள் வழியாகவே வருகின்றன. ராட்டினம்போல் தட்டையாகச் சுருண்ட இண்டோபிளனார்பிஸ் நத்தை ஒன்று. மாட்டின் மூக்குக்குள் சதை வளர்ந்து குறட்டைபோல் மூச்சு வாங்க வைக்கும் சிஸ்டோசோமா நேசேல் புழுவைச் சுமப்பது இது. அந்தப் புழு 1933இல் ராவ் என்ற ஆய்வாளர் பெயரிட்டு விவரித்தது. வயலில் இறங்குவோர் காலில் அரிப்பெடுக்க வைக்கும் இன்னொரு சிஸ்டோசோமாவும் இதே நத்தையிலிருந்துதான் வெளிவருகிறது. அடுத்தது மெல்லிய ஓடும் கூர்நுனியும் கொண்ட லிம்னியா நத்தை. ஈரலைத் தின்று, தாடைக்கடியில் நீர் கோக்கச் செய்யும் தட்டைப்புழுவுக்கு இதுதான் வீடு. இரண்டும் காற்றைச் சுவாசிக்க நீர்மட்டத்துக்கு வந்துபோகும் நத்தைகள், இரண்டுக்கும் ஓட்டு வாயை அடைக்கும் மூடி கிடையாது. செபிடான் புழு நீர்மட்டத்தில் மிதந்தபடி வேட்டையாடுவது. எனவே அதன் வாயில் சிக்குவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட நத்தைகளே.

மிகையான எதிர்பார்ப்பு வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். வயலில் பொறுக்கிச் சமைக்கிற பெரிய நத்தைக்கு மூடி உண்டு, வளர்ந்த நத்தையை இந்தப் புழு ஒன்றும் செய்யாது. தோட்டங்களை மொட்டையடிக்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கும் குளக்கரை ஈ மருந்தாகாது.

இடத் தேர்வில் ஏரிகளை மட்டும் எடுத்தால் கணக்கு கோணலாகிவிடும். மொத்தம் 24 இடங்கள் போதும்: மூன்று ராம்சார் ஏரிகளில் இரண்டிரண்டு, ஊர்க்குளங்கள் ஆறு, பாசன வாய்க்கால் கரைகள் நான்கு, வடிகால்கள் நான்கு, நெல்வயல் வரப்புகள் நான்கு. வேதாரண்யம் பக்கத்து உவர்நீரில் நத்தை வகையே மாறிவிடும். அதை இந்தக் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டாம். ஆண்டுக்கு நான்கு சுற்று: வாய்க்காலில் தண்ணீர் வந்து ஆறு வாரம் கழித்து ஒன்று, சம்பா நடவு முடிந்து பயிர் தூர்கட்டும்போது ஒன்று, அறுவடைக்கு முன் தை மாதத்தில் ஒன்று, குளம் வற்றிக் குட்டையாகும் சித்திரையில் ஒன்று. கடைசிச் சுற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். எஞ்சிய நத்தையும் ஈயும் கொஞ்சம் ஈரத்தில் நெருக்கமாக ஒதுங்குவதும் அப்போதுதான்.

பிடிக்கும் முறை எளிது, ஆனால் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 38 செ.மீ. வாய் அகலமுள்ள பூச்சி வலை, மெல்லிய வெள்ளைத் துணி. ஓர் இடத்தில் நீர் விளிம்பை ஒட்டி 20 மீட்டர் நீளம். தண்ணீரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விலக வேண்டாம், இந்த ஈக்கள் பிறந்த கரையை விட்டு அதிகம் பறப்பதில்லை. 20 வீச்சு ஒரு தொகுதி, ஐந்து தொகுதி, மொத்தம் 100 வீச்சு. ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் வலையை உறிஞ்சிக் குழாயால் காலி செய்துவிட வேண்டும். நூறையும் வீசிவிட்டுக் கடைசியில் திறந்தால் கோரை விதையும் தும்பிச் சிறகும் நத்தைச் சளியும் சேர்ந்து ஈயின் காலும் உணர்கொம்பும் ஒடிந்திருக்கும், பிறகு இனம் காண முடியாது. பனி காயுமுன் வீசினாலும் இதே கதி, ஈரத் துணியில் இறக்கை ஒட்டிக்கொள்ளும். காலை எட்டரையிலிருந்து பத்தரை வரையும், மாலை நான்கரைக்குப் பிறகும் நல்ல நேரம். விளக்குப் பொறியை நம்ப வேண்டாம். அதில் கொசுவும் தத்துப்பூச்சியும் குவியும், நமக்கு வேண்டிய ஈ அபூர்வமாகவே விழும்.

வலையில் ஈ இல்லை என்பதால் அந்த இடத்தில் ஈயே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. வீச்சு முடிந்ததும் அதே 20 மீட்டரில் நீருக்கு மேல் நிற்கும் 50 தாள்களை, கோரையோ சம்போ நெற்பயிரோ எதுவானாலும், கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். செபிடான் முட்டைகள் வெள்ளையாக, பக்கம் பக்கமாக, சீப்புப் பல்போல் வரிசையில் ஒட்டியிருக்கும். அவை கறுத்திருந்தால் எறிந்துவிட வேண்டாம். பிற பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் டிரைக்கோகிரம்மா குளவி தாக்கிய முட்டை கறுக்கும், நெல்வயல் செபிடான் முட்டைகளை அது தாக்குவது ஜப்பானில் பதிவானது. குருத்துப்புழுவுக்கு எதிராக நாம் காசு கொடுத்து வாங்கி விடுவதும் இந்தக் குளவிப் பேரினத்தைத்தான். இங்கும் அது இந்த முட்டைகளில் தங்குகிறதென்றால் வேளாண் துறைக்கும் அது நல்ல சேதி.

புழுவுக்கு: கரையோரம் ஒதுங்கிய தாள், பாசி, சருகை இரு கையள்ளி எடுத்து 30×40 செ.மீ. வெள்ளைத் தட்டில் இரண்டு விரல் தண்ணீரில் போட்டு, பத்து நிமிடம் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். செபிடான் புழு தானே மேலே வந்து, வால்முனையிலுள்ள மயிர் சூழ்ந்த மூச்சுத் தட்டை நீர்மட்டத்தில் விரித்துத் தொங்கும். கூட்டுப்புழு உறையும் மிதக்கும். பழுப்பு நிறம், முனை மேல்நோக்கி வளைந்திருக்கும், முதல் பார்வைக்கு ஏதோ விதைபோலத் தெரியும். இதைத் தேடுகிறவர் ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. மேலே சொன்ன அரிப்பு கணக்கெடுக்கப் போகிறவரையும் விடாது.

கணக்கெடுப்பின் உயிர் வளர்ப்பில் இருக்கிறது. பணமும் ஆளும் குறைந்தால் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், வளர்ப்பைக் குறைக்காதீர்கள். ஒரு புழுவுக்கு ஒரு குவளை. ஒன்றாகப் போட்டால் எந்த நத்தையை எந்தப் புழு கொன்றது என்பது தெரியாமல் போகும். 100 மி.லி. குவளையில் ஒரு செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்தது. பொரித்த புழுவுக்கு 2 முதல் 3 மி.மீ. நத்தை, வளர்ந்த பிறகு 5 முதல் 8 மி.மீ. தொடக்கத்திலேயே பெரிய நத்தையைக் கொடுத்தால் அது நுரை கக்கிப் புழுவை மூழ்கடித்துவிடும். தினமும் செத்த நத்தையை எடுத்துவிட்டுத் தண்ணீரை மாற்ற வேண்டும். ஒருநாள் தவறினால் அழுகல் நாற்றமும் மறுநாள் செத்த புழுவும் மிஞ்சும். எத்தனை நத்தை, என்ன வகை, என்ன நீளம் என்று அன்றன்றே எழுதுவது கட்டாயம். ஒரு புழு வளர்ந்து முடிய பத்துக்கு மேற்பட்ட நத்தைகளைக் கொல்லக்கூடும், எனவே தீனி நத்தைக்குத் தனி வளர்ப்பு வேண்டும்.

அந்தத் தீனி நத்தை, அறையிலேயே முட்டையிலிருந்து பொரித்ததாக இருக்கட்டும். குளத்திலிருந்து பிடித்து நேரே போட்டால் அதன் உடம்புக்குள் வேறு ஈயின் புழு ஏற்கெனவே இருக்கலாம். கடைசியில் குவளையிலிருந்து ஓர் ஈ வெளிவரும், யார் பிள்ளை என்று தெரியாது.

இதையொட்டி இன்னொரு பிழையும் வழக்கமாக நடக்கும். கரையில் செத்த நத்தை ஓட்டுக்குள் புழு நெளிந்ததும் நத்தைக்கொல்லி கிடைத்துவிட்டது என்று படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். செத்த நத்தையில் சதை ஈ புழுவாகவே ஈனும், சிறு கூன் ஈக்கள் முட்டையிடும், அவை பிணந்தின்னிகள். உயிருள்ள, ஊர்ந்துகொண்டிருக்கும் நத்தையைப் புழு தாக்குவதைக் குவளையில் கண்ணால் பார்த்தால் மட்டுமே பதிவேட்டில் ‘கொல்லி’ என்று எழுத வேண்டும். மற்றதெல்லாம் ‘ஓட்டில் இருந்தது’ என்ற அளவோடு நிற்கட்டும்.

கூட்டுப்புழு உறையை ஈரப் பஞ்சின் மேல் வைத்து மெல்லிய துணியால் மூடினால் நம் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் ஈ வரும். வந்தவுடன் கொன்றுவிடக் கூடாது. தேன் தொட்ட பஞ்சு கொடுத்து இரண்டு நாள் உயிரோடு வைத்தால்தான் நிறம் தேறி உடல் இறுகும். இல்லையேல் குத்தூசியில் சுருங்கிப்போகும். ஈயையும் அது விட்டு வந்த உறையையும் ஒரே ஊசியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சில ஈக்களைச் சாராயத்தில் போட்டு வையுங்கள். மரபணுப் பரிசோதனைக்கு 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால் தேவை. எல்லாவற்றையும் சாராயத்தில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். நெருங்கிய இனங்களை ஆண் ஈயின் பிறப்புறுப்பை வைத்தே பிரிக்க முடியும். வயிற்று நுனியை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு ஊறவைத்து, கழுவி, கிளிசரினில் பார்க்க வேண்டும். பெண் ஈ மட்டும் கிடைத்த இடத்தில் ‘செபிடான், இனம் உறுதியில்லை’ என்று எழுதுவதில் வெட்கமில்லை.

நத்தைக் கணக்கு இல்லாத ஈக் கணக்கால் யாருக்கும் பயனில்லை. அதே 20 மீட்டரில் அரை மணி நேரம் நத்தை பொறுக்கி, வகைவாரியாக எண்ணி எழுத வேண்டும். நீர் ஆழம், கரைச்செடி, கடைசியாக மருந்து அடித்த தேதி ஆகியவற்றோடு, வாத்துக் கூட்டம் மேய்ந்ததா என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கட்டும். ஆயிரம் வாத்து இறங்கிப் போன வயலில் நத்தையும் இராது, புழுவும் இராது. அதை எழுதாவிட்டால் பழி பூச்சிமருந்தின் மேல் விழும்.

அனுமதிகள் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேலை தாமதமாவது பெரும்பாலும் இங்கேதான். சரணாலயங்களுக்குள் பூச்சி பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். இனம் காண வெளிநாட்டு வல்லுநருக்கு மாதிரி அனுப்புவதானால் 2002ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைச் சட்டப்படி தரமணியிலுள்ள தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தை முன்கூட்டியே அணுக வேண்டும். மாதிரிகளில் ஒரு தொகுதி இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மையத்திலும், ஒரு தொகுதி கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சி அருங்காட்சியகத்திலும் சேர வேண்டும் என்பதைப் பணி ஆணையிலேயே எழுதிவிடுங்கள். தனியார் அலமாரியில் தங்கிய மாதிரி கரையானுக்குத்தான் போகும்.

கணக்கெடுப்பு நடக்கும் ஓராண்டில் அந்த 24 இடங்களில் மட்டுமாவது இரண்டு காரியங்களை நிறுத்தி வையுங்கள். ஒன்று, நத்தைக்கு மயில்துத்தம் முதலிய மருந்து போடுவது. மற்றது, கரையை வழித்தெடுப்பது. நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆகாயத் தாமரையையும் அகற்ற வேண்டியதுதான், நாங்கள் அதற்கு எதிரி அல்ல. ஆனால் பொக்லைன் வைத்துக் கோரையோடு சேர்த்து மண் தெரிய வழித்தால் முட்டையிடத் தாளே இருக்காது. ஒரு கரையை இந்த ஆண்டும் எதிர்க்கரையை அடுத்த ஆண்டும் எடுக்கலாம்.

ஈயை வளர்த்துக் குளங்களில் விட்டால் நத்தை ஒழியுமே என்று யாராவது திட்டம் கொண்டு வருவார்கள். ஹவாய் தீவுகளில் ஈரல் புழு நத்தைக்காக மத்திய அமெரிக்கச் செபிடான் இன ஈயை 1950களின் இறுதியில் கொண்டுவந்து விட்டார்கள் என்பதைச் சான்றாகவும் காட்டுவார்கள். அதே ஹவாயில் 1955இல் ராட்சத நத்தையை ஒழிக்க இறக்கிய யூக்ளாண்டினா என்ற வேட்டை நத்தை அத்தீவுகளுக்கே உரிய மர நத்தைகளை அழித்த கதையையும் கோப்பில் சேர்த்து வையுங்கள். நம்மிடம் எந்த ஈ இருக்கிறது என்ற பட்டியல் கைக்கு வருமுன் வெளியிலிருந்து ஒரு ஈயைக்கூட அனுமதிக்கக் கூடாது.

மூன்று பேர் கொண்ட ஒரு குழு நாளொன்றுக்கு மூன்று இடம் பார்க்கும். ஒரு சுற்றுக்கு எட்டு நாள், நான்கு சுற்றுக்கு 32 நாள் களப்பணி. வளர்ப்பறைக்கு விடுமுறை கிடையாது, ஞாயிறும் பொங்கலும் சேர்த்து தினம் தண்ணீர் மாற்ற ஒருவர் வேண்டும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் முதல் சுற்று ஜூலைக் கடைசியில் வரும். தீனிக்கான நத்தைகள் அதற்கு ஆறு வாரம் முன்பே அறையில் முட்டையிட்டிருக்க வேண்டும். ஆகவே அனுமதிக் கடிதங்களும் வளர்ப்பறைச் சாவியும் மே முடிவதற்குள் குழுவின் கைக்கு வந்துவிடும்படி ஆணை பிறப்பிக்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையில் ஈரநிலப் பூச்சிகளைப் பதிவு செய்துவருவோர்